ஹார்லன்: துப்பாக்கிக்குக் கலையாத ஊரும் அதைக் கலைத்த ஒப்பந்தமும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிய மலைமூலையில் இருக்கிறது ஹார்லன் மாவட்டம். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1931இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டு எவர்ட்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சண்டையும் அதைத் தொடர்ந்த கொலைகளும்தான் மாவட்டத்துக்கு ‘ரத்த ஹார்லன்’ என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தன. சுரங்க முதலாளிகளின் அடியாட்கள், எதிர்த்து நின்ற தொழிலாளர்கள், பாட்டு எழுதிய பெண் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பத்தாண்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்தால் வேறொரு கேள்வி எழுகிறது.

1910இல் ஹார்லன் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 10,566 பேர். 1920இல் 31,546. 1930இல் 64,557. ரத்தம் சிந்திய பத்தாண்டு முடிந்து 1940இல் எண்ணியபோது 75,275. அதாவது மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் ஆட்கள் வீடு புகுந்து சுட்ட காலத்தில் மாவட்டம் பத்தாயிரம் பேருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. சங்கம் வென்று, கூலி உயர்ந்து, ஓய்வூதியமும் மருத்துவமனையும் வந்த பிறகு என்ன நடந்தது? 1950இல் 71,751, 1960இல் 51,107, 1970இல் 37,370. முப்பது ஆண்டில் சரிபாதி காலி. துப்பாக்கிக்கு அஞ்சாத மக்கள் எதைக் கண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கைநாட்டில் போன மலை

மாவட்டம் 1819இல் உருவானது. கம்பர்லாந்து ஆற்றின் மூன்று கிளைகள் ஹார்லன் நகரத்தை ஒட்டிக் கூடுகின்றன. வடக்கே பைன் மலை நீண்ட மதில்போல் கிடக்கிறது. கிழக்கே கென்டக்கியிலேயே உயரமான கறுப்பு மலை, 4,145 அடி. இந்த மலைகள்தான் நூறாண்டுக் காலம் ஊரைத் தனியே வைத்திருந்தன. சோளம், பன்றி, கொஞ்சம் மரவெட்டு, ஆற்றில் வெள்ளம் வரும்போது மிதக்கவிட்டு அனுப்பும் கட்டைகள் என்று வாழ்க்கை ஓடியது. நிலக்கரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்கு வேண்டியதை மலைச்சரிவில் வெட்டிக்கொண்டார்கள். விற்பதற்கு வழி இல்லை, வண்டி போகப் பாதை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் வெளியாட்கள் வந்தார்கள். அவர்கள் நிலத்தைக் கேட்கவில்லை. நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், உழுதுகொள்ளுங்கள், அடியில் இருப்பதை மட்டும் எழுதித் தாருங்கள் என்றார்கள். கிழக்குக் கென்டக்கி எங்கும் ஏக்கருக்கு ஐம்பது செண்ட் முதல் சில டாலர் வரை கொடுத்துக் கனிம உரிமை வாங்கப்பட்டது. எழுதியவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. பத்திரத்தின் நடுவே, கனிமத்தை எடுப்பதற்கு வாங்குபவர் தமக்கு ‘வசதியானது, தேவையானது’ என்று கருதும் எதையும் மேற்பரப்பில் செய்துகொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. மரம் வெட்டலாம், சாலை போடலாம், தண்ணீரைத் திருப்பலாம், கழிவைக் கொட்டலாம். நஷ்டஈடு கேட்கும் உரிமையையும் விற்றவரே விட்டுக்கொடுத்திருப்பார்.

எழுதிக் கொடுத்தவர் மனத்தில் இருந்தது கோடரியும் குதிரை வண்டியும்தான். அறுபது ஆண்டு கழித்து புல்டோசர் வந்தபோது அதே வாசகம் அதற்கும் பொருந்தும் என்று கென்டக்கி நீதிமன்றம் 1956இல் சொல்லிவிட்டது. மலையின் மேல்மண்ணைச் சீவி எறிந்து கரி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் பேரன்மார் வீட்டுக் கொல்லைக்கே வந்தது. 1965இல் கிழக்குக் கென்டக்கியின் நாட் மாவட்டத்தில் ஆலி கோம்ப்ஸ் என்ற கைம்பெண் புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்தார். போலீஸார் அவரைத் தூக்கிக்கொண்டு போகும் படம் நாடெங்கும் வெளியானது. வாக்காளர்கள் 1988இல் அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகே, பத்திரம் எழுதிய காலத்தில் வழக்கில் இருந்த முறையில் மட்டும்தான் கரி எடுக்கலாம் என்ற வரம்பு வந்தது. ஆதரித்து வாக்களித்தவர்கள் ஐந்தில் நான்கு பேருக்கு மேல். அதற்குள் எத்தனை மலைச்சரிவுகள் ஓடையில் இறங்கின என்பது வேறு கணக்கு.

இந்தப் பத்திரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரி ஊர்க்காரருக்கே சொந்தமாக இருந்து, கூலித் தகராறு வந்திருந்தால் அது ஊருக்குள் தீர்ந்திருக்கும். ஹார்லனில் கரியின் சொந்தக்காரர் முதல் நாளிலிருந்தே வெளியூரில் இருந்தார்.

ரயில் வந்த பிறகு

டி. ஜே. ஆஷர் என்ற மரவியாபாரி தொடங்கிய ரயில்பாதையை லூயிவில் – நாஷ்வில் ரயில்வே வாங்கி நீட்டியது. 1911இல் ஹார்லனிலிருந்து முதல் கரி வண்டி புறப்பட்டது. அதன் பின் நடந்ததை வளர்ச்சி என்பதைவிடப் படையெடுப்பு என்பதே பொருத்தம். வேளாண் கருவிகள் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் இரும்புப் பிரிவு பெனம் என்ற ஊரைக் கட்டியது. அதற்கு அடுத்தே 1917இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் கிளை லிஞ்ச் என்ற ஊரை எழுப்பத் தொடங்கியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உருக்கு உலைக்குக் கோக், அதாவது காற்றுப்படாமல் சுட்டெடுத்த கரி, வேண்டும். ஹார்லன் கரியில் கந்தகமும் சாம்பலும் குறைவு.

லிஞ்சில் சுமார் பத்தாயிரம் பேர் குடியிருந்தார்கள். இத்தாலி, ஹங்கேரி, போலந்து நாட்டவர்கள், அலபாமா சுரங்கங்களிலிருந்து குடும்பத்தோடு வந்த கறுப்பினத்தவர், சுற்றுமலை விவசாயிகள் என்று எல்லோரும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தார்கள். சுரங்கத்துக்குள் ஒரே இருட்டு, வெளியே வந்தால் கறுப்பர்களுக்குத் தனித் தெரு, தனிப் பள்ளிக்கூடம். வீடு, கடை, மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் கம்பெனிக் கட்டடங்கள். 1923 பிப்ரவரியில் லிஞ்ச் சுரங்கம் ஒன்பது மணி நேர ஷிஃப்டில் 12,820 டன் எடுத்து உலகச் சாதனை என்று அறிவித்தது.

பெனமும் லிஞ்சும் ஒப்பீட்டளவில் நல்ல ஊர்கள். கல்லால் கட்டிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. தங்கள் உலைக்கே கரி எடுத்த உருக்குக் கம்பெனிகளுக்கு நாளொரு விலையைப் பார்த்து நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. நெருப்பு பற்றியது குளோவர் ஃபோர்க் போன்ற ஓடைகளின் ஓரத்தில், சந்தைக்குக் கரி விற்ற கம்பெனிகளிடம். அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. வடக்கே ஓஹியோ, பென்சில்வேனியா சுரங்கங்கள் ஆலை நகரங்களுக்கு அருகில் இருந்தன. ஹார்லன் கரிக்கு ரயில் கட்டணம் அதிகம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரே வழி கூலியைக் குறைவாக வைத்திருப்பது. சங்கம் வந்து நாடெங்கும் ஒரே கூலி என்றால் ஹார்லனின் வியாபாரம் போச்சு என்று நம்பினார்கள். முதலாளிகளின் கொடூரத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அவர்களை வெறும் வில்லன்களாக வைத்தால் பின்னால் நடந்தது புரியாமல் போகும்: அவர்கள் பயந்தது ஓரளவு உண்மையாகவே ஆயிற்று.

1931

பெருமந்தத்தில் கரி விலை விழுந்தது. 1931 பிப்ரவரியில் கம்பெனிகள் பத்து சதவீதக் கூலிக் குறைப்பை அறிவித்தன. ஏற்கெனவே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை. கூலியில் ஒரு பகுதி கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாக வந்தது. விளக்கு எண்ணெய், வெடிமருந்து, வீட்டு வாடகை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அதில் பிடித்தம். ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பேச்சாளர்களை அனுப்பியது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களை வேலையிலிருந்து நீக்கி, வேலை போனதால் கம்பெனி வீட்டிலிருந்தும் வெளியேற்றினார்கள். சாமான்கள் சாலையில் கிடந்தன.

வெளியேற்றப்பட்டவர்கள் எவர்ட்ஸில் கூடினார்கள். அது கம்பெனிக்குச் சொந்தமில்லாத சில ஊர்களில் ஒன்று. ஹார்லனின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்தச் சின்னத் தகவல் பெரிய பாடநூலுக்குச் சமம். கூட்டம் போட ஒரு திடல், மளிகை வாங்க ஒரு கடை, படுக்க ஒரு திண்ணை, இவை கம்பெனி நிலத்துக்கு வெளியே எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் சங்கம் நிற்க முடியும்.

மே 5 அன்று காலை, காவலர்கள் ஏறிய கார்கள் எவர்ட்ஸ் வழியாக வந்தபோது சாலையோரத்தில் ஆயுதத்தோடு காத்திருந்த தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் சண்டை மூண்டது. கம்பெனித் தரப்பில் மூன்று பேரும் தொழிலாளர் ஒருவரும் இறந்தார்கள். மாநிலக் காவல்படை வந்தது. அது தங்களைக் காப்பாற்றும் என்று எண்ணி முதலில் வரவேற்றவர்கள் தொழிலாளர்கள்தான். சில நாளில் அது கருங்காலிகளைச் சுரங்கத்துக்கு அழைத்துப்போகும் படையாயிற்று. சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வழக்கு வேறு மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டு, சிலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தொழிலாளர்களுக்குக் கஞ்சித் தொட்டி நடத்திய இடத்தில் துணை ஷெரிஃப் ஒருவர் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்.

துணை ஷெரிஃப் என்ற பதவியைச் சற்று விளக்க வேண்டும். மாவட்டத்தின் ஷெரிஃப் தேர்தலில் வெல்கிறவர். துணைகளை அவரே நியமிக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கொடுத்தது அரசு அல்ல, சுரங்கக் கம்பெனிகள். சட்டையில் அரசாங்க வில்லை, பாக்கெட்டில் முதலாளி பணம். அப்போதைய ஷெரிஃப் ஜே. எச். பிளேர். அவருடைய ஆட்கள் ஒரு நாள் சங்கத் தொண்டர் சாம் ரீஸைத் தேடி வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். அவர் இல்லை, மனைவி ஃபிளாரன்ஸும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். வந்த ஆட்கள் போன பிறகு ஃபிளாரன்ஸ் ரீஸ் சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பழைய தேவாலய மெட்டில் ஒரு பாட்டு எழுதினார். நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் அந்தப் பாட்டு பின்னர் அமெரிக்கா எங்கும் மறியல்களில் ஒலித்தது. ஷெரிஃப் பிளேரின் பெயரும் அதில் இருக்கிறது. அவரைப் பற்றி உலகம் அறிந்தது அவ்வளவுதான்.

ஐக்கியச் சங்கம் இந்த வேலைநிறுத்தத்துக்கு முறையான ஒப்புதல் தரவில்லை, பணமும் அனுப்பவில்லை. அது பின்வாங்கிய இடத்தில் கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் புகுந்தது. நவம்பரில் எழுத்தாளர் தியோடர் டிரைசர் தலைமையில் ஒரு குழு வந்து வாக்குமூலங்கள் வாங்கியது. அரசாங்கம் அந்தக் குழுவின் மீதே வழக்குப் போட்டது. 1932 புத்தாண்டு நாளில் அறிவித்த வேலைநிறுத்தம் சில வாரங்களில் படுத்தது. அடக்குமுறை ஒரு காரணம். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹார்லன் தொழிலாளி பைபிள் படிக்கிறவர், ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர், பல இடங்களில் அவரே போதகர். புதிய சங்கத்தின் தலைமைக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் பலர் வெளிப்படையாகவே விலகினார்கள். முதலாளிகள் அதைப் பத்திரிகைகளில் பரப்பினார்கள். அது பொய்ப் பிரசாரமாக இல்லாததுதான் சங்கத்தின் சிக்கல்.

வழக்கில் தோற்று வென்ற கதை

1935இல் மாநில ஆளுநர் நியமித்த விசாரணைக் குழு, ஹார்லனில் நடப்பது சுரங்க முதலாளிகளின் பணத்தில், அரசு அதிகாரிகளின் துணையோடு நடக்கும் பயங்கர ஆட்சி என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாவட்ட அரசு வழக்கறிஞர் எல்மன் மிடில்டன் காரில் வைத்த வெடியில் கொல்லப்பட்டார். 1937 பிப்ரவரியில் சங்க அமைப்பாளராக இருந்த ஒரு போதகரின் வீட்டின் மீது இரவில் சுட்டதில் அவருடைய மகன் இறந்தான். தந்தை அன்று வீட்டில் இல்லை.

அந்தக் கொலையை ஒட்டி, செனட்டர் லா ஃபாலெட் தலைமையிலான செனட் துணைக்குழு ஹார்லனை வாஷிங்டனுக்கு அழைத்தது. முதலாளிகளின் சங்கத்தார், ஷெரிஃப், துணைகள், அடிபட்டவர்கள் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். சொந்த ஊரில் வாய் திறந்தால் உயிர் போகும் விஷயங்கள் அங்கே பதிவேட்டில் ஏறின. 1938இல் கென்டக்கி சட்டமன்றம் கம்பெனி சம்பளத்தில் துணை ஷெரிஃப் வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. அதே ஆண்டு கோடையில் மத்திய அரசு கம்பெனிகள், நிர்வாகிகள், துணை ஷெரிஃபுகள் என்று பலரைச் சேர்த்து லண்டன் நகரில் (கென்டக்கியிலும் ஒரு லண்டன் உண்டு) குற்றவியல் வழக்கு நடத்தியது. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்க இயற்றிய பழைய சட்டம் அதற்கு ஆயுதம். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை.

ஆனால் வழக்கு முடிந்த கையோடு முதலாளிகளின் சங்கம் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. இன்னொரு வழக்கு வரும், வழக்கறிஞர் செலவு வரும், அடியாளுக்கு வில்லை மாட்டவும் முடியாது. எதிர்ப்பது நஷ்டம் என்ற இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். 1939இல் ஒப்பந்தம் காலாவதியானபோது மறுபடி வேலைநிறுத்தம், காவல்படை, சாவு. 1941 ஏப்ரலில் கிரம்மீஸ் என்ற இடத்தில் கம்பெனிக் கடைக்குள் சங்கத்தார் நான்கு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். பெரிய ரத்தம் அதுவே கடைசி. போர்க்காலம் தொடங்கியது, கரி எவ்வளவு எடுத்தாலும் விற்றது, ஹார்லன் முழுக்கச் சங்க மாவட்டம் ஆயிற்று.

டன்னுக்கு நாற்பது செண்ட்

இனிதான் நம் கேள்விக்கு வருகிறோம். சங்கத்தின் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1946இல் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒரு நல நிதியை வென்றார். எடுக்கும் ஒவ்வொரு டன் கரிக்கும் கம்பெனி ஐந்து செண்ட் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறி 1952இல் நாற்பது செண்டைத் தொட்டது. அந்தப் பணத்தில் ஓய்வூதியம், முதுகு உடைந்தவர்களுக்குச் சிகிச்சை, பத்து மருத்துவமனைகள். அவற்றில் ஒன்று ஹார்லனில் 1956இல் திறக்கப்பட்டது. கூலியிலிருந்து மருத்துவருக்குப் பணம் பிடித்து, அந்த மருத்துவரையும் கம்பெனியே வேலைக்கு வைத்திருந்த ஊரில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலை என்ன? 1950 ஒப்பந்தத்தில் லூயிஸ் கம்பெனிகளோடு உடன்பட்டார்: கூலி உயரட்டும், நிதிக்குப் பங்கு உயரட்டும், அதற்கு ஈடாக இயந்திரங்கள் வரட்டும், சங்கம் மறிக்காது. அவர் இதை மறைக்கவில்லை. பட்டினிக் கூலிக்கு நான்கு லட்சம் பேர் கரி வெட்டுவதைவிட, நல்ல கூலிக்குக் குறைவானவர்கள் வெட்டுவது மேல் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. 1940களின் இறுதியில் வந்த தொடர்வெட்டு இயந்திரம், துளையிடல், வெடி வைத்தல், மண்வெட்டியால் வண்டியில் அள்ளுதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒன்றாக்கியது. டன் கணக்கில் கூலி வாங்கிய அள்ளுகூலிக்காரர் என்ற இனமே மறைந்தது. அதே காலத்தில் ரயில்வே டீசலுக்கு மாறியது, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. ஒரு பக்கம் கரிக்குத் தேவை குறைந்தது, மறுபக்கம் கரி எடுக்க ஆள் தேவை குறைந்தது.

1950களில் ஹார்லன் இருபதாயிரம் பேரை இழந்தது. ஓஹியோ, மிச்சிகன், இண்டியானா கார்த் தொழிற்சாலைகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். லிஞ்சின் கறுப்பினக் குடும்பங்கள் கிளீவ்லாந்து, டெட்ராய்ட், சிகாகோ என்று சிதறின. இயந்திரம் வந்தபோது முதலில் வேலை போனது அள்ளும் வேலையில் அதிகம் இருந்த அவர்களுக்குத்தான்.

லூயிஸைத் துரோகி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் இயந்திரம் வந்திருக்கும். சங்கமில்லாத சுரங்கங்கள் அதை முதலில் வாங்கியிருக்கும். என் குற்றச்சாட்டு வேறு. வேலை போகப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தேசிய ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்கும் முறை அந்தச் சங்கத்தில் 1974இல்தான் வந்தது. வெளியேறியவர்களுக்கு மறுபயிற்சி இல்லை, இடமாற்றப் பணம் இல்லை. நிதியே டன் கணக்கில் வந்ததால் சங்கத்தின் அக்கறையும் மெல்ல மெல்லத் தலைக்கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாறியது.

அந்த நிதியும் நிலைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் நாற்பது செண்ட் கட்டின. மலையிடுக்கில் லாரி வைத்துக் கரி ஓட்டிய சின்னச் சுரங்கங்களால் முடியவில்லை, அல்லது மனமில்லை. சங்கம் சில இடங்களில் கண்டும் காணாமல் விட்டது. 1960களின் தொடக்கத்தில், நிதிக்குப் பணம் கட்டாத சுரங்கங்களில் வேலை செய்தவர்களின் மருத்துவ அட்டைகள் பறிக்கப்பட்டன. முப்பது ஆண்டு சந்தா கட்டியவருக்கும் விலக்கு இல்லை. மருத்துவமனைகளையே கைவிடச் சங்கம் முடிவு செய்தபோது, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் முயற்சியால் அமைந்த ஒரு பொது நல நிறுவனம் 1963இல் அவற்றை எடுத்து நடத்தியது.

புரூக்சைடும் அதன் பின்னும்

1973இல் புரூக்சைடு சுரங்கத் தொழிலாளர்கள் ஐக்கியச் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். சுரங்கத்தின் சொந்தக்காரர் வட கரோலினாவின் டியூக் மின் நிறுவனம், ஈஸ்டோவர் என்ற கிளை வழியாக. ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற விதி வேண்டும் என்று கம்பெனி வற்புறுத்தியது. பதின்மூன்று மாதம் நீடித்த மறியலில் நீதிமன்றம் ஆண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தபோது, பெண்கள் கம்பு எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். நீதிபதியின் உத்தரவில் அவர்களைப் பற்றிப் பேச்சு இல்லை. பலருடைய கம்பெனி வீடுகளில் அப்போதும் குழாய்த் தண்ணீர் கிடையாது. முதிய வயதில் ஃபிளாரன்ஸ் ரீஸ் வந்து அதே பாட்டைப் பாடினார். சங்கம் இந்த முறை சண்டையைப் பங்குச்சந்தை வாசலுக்கும் மின்கட்டண விசாரணைக்கும் கொண்டு போனது. 1974 ஆகஸ்ட் இறுதியில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். ஒரு சில நாளில் கம்பெனி கையெழுத்துப் போட்டது. அந்தப் போராட்டத்தைப் படமெடுத்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது.

படம் முடிகிற இடத்தில் வெற்றி தெரிகிறது. ஆனால் புரூக்சைடு போன்ற சுரங்கங்கள் பின்னர் மூடப்பட்டன. யு.எஸ். ஸ்டீல் 1984இல் லிஞ்சை விற்றுவிட்டுப் போனது. கென்டக்கியின் கடைசிச் சங்கச் சுரங்கம், மாநிலத்தின் மேற்குப் பகுதியில், 2014 இறுதியோடு நின்றது. பெனத்தின் பழைய கம்பெனிக் கடை இப்போது நிலக்கரி அருங்காட்சியகம். மின்கட்டணத்தைக் குறைக்க 2017இல் அதன் கூரையில் சூரியத் தகடுகள் போட்டார்கள். பத்திரிகைகள் சிரித்தன. கட்டணம் கட்டுகிறவருக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

சுரங்கம் குறைந்தாலும் சாவு நிற்கவில்லை. 2006 மே 20 அன்று ஹோம்ஸ் மில் அருகே டார்பி சுரங்கத்தில் கைவிடப்பட்ட பகுதியை அடைத்த சுவரை ஒட்டி உலோகம் வெட்டும் வாயுச் சுடரைப் பயன்படுத்தியபோது மீத்தேன் வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், அவர்களில் மூன்று பேர் வெடிப்பில் தப்பி விஷப்புகையில் இறந்தவர்கள். மெல்லிய கரிப்படலத்துக்காகப் பாறையையும் சேர்த்து அரைப்பதால் சிலிக்கா தூள் நுரையீரலை அடைகிறது. ஹார்லனும் அடங்கிய மத்திய அப்பலாச்சியா மலைப்பகுதியில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்த சுரங்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கரித்தூள் நுரையீரல் நோய் இருப்பதாக 2018இல் வெளியான அரசு ஆய்வு சொன்னது. 1969ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் ஒழித்துக் கட்டியதாக எண்ணிய நோய் அது.

2019 ஜூலை 1 அன்று பிளாக்ஜுவல் என்ற கம்பெனி திவால் மனு போட்டது. ஹார்லன் தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளக் காசோலைகள் திரும்பின. வங்கியில் விழுந்த பணமும் கணக்கிலிருந்து உருவப்பட்டது. ஜூலை 29 அன்று கம்பர்லாந்து ஊருக்கு அருகே கரி ஏற்றிய ரயில் ஒன்று கிளம்புவதைக் கேள்விப்பட்டுச் சிலர் தண்டவாளத்தில் போய் நின்றார்கள். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, நிதி இல்லை. கூடாரம் வந்தது, குழந்தைகள் வந்தார்கள், சமையல் வந்தது. சம்பளம் வரும்வரை நகர மாட்டோம் என்றார்கள். மறியல் சுமார் இரண்டு மாதம் நீடித்தது.

ரயிலை நிறுத்தியது உடம்புகள் மட்டும் அல்ல. கூலி கொடுக்காமல் உற்பத்தி செய்த சரக்கை மாநில எல்லை தாண்டி அனுப்பக் கூடாது என்ற சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு மத்தியத் தொழிலாளர் துறை நீதிமன்றம் போனது. அது 1938ஆம் ஆண்டுச் சட்டம். லண்டன் வழக்கு நடந்த அதே கோடையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது. அக்டோபரில் உடன்பாடு வந்தது. கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் ஆயிரத்து நூறு தொழிலாளர்களுக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் நிலுவை கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஐந்தாண்டுக்குக் குறைவாக இயங்கும் சுரங்கக் கம்பெனி நான்கு வாரச் சம்பளத்துக்கான பிணைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று கென்டக்கியில் சட்டம் இருக்கிறது. பிளாக்ஜுவல் அதைக் கட்டவில்லை. கட்டாமலே சுரங்கம் நடத்த அனுமதித்தவர்கள் யார் என்று தண்டவாளத்தில் நின்றவர்கள் கேட்டார்கள்.